பையரின் மெயில் ஏன் ஸ்பேமுக்குப் போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் ஏழெட்டு பனியன் கம்பெனிகளுக்கு கம்ப்யூட்டர், மெயில் வேலைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். வாரத்துக்கு இரண்டு பேராவது "மெயில் வரவே இல்லைங்க" என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் அது ஸ்பேமில் கிடக்கும். இல்லையென்றால் இவர்கள் அனுப்பியது பையரின், அதாவது சரக்கு வாங்கும் கம்பெனியின், ஸ்பேமில் கிடக்கும். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பப் போனில் சொல்லிச் சலித்துப்போய், எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகள் எல்லாம் அவர்கள் கேட்ட மாதிரியேதான்.

எனக்குப் போன் வந்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: யாருடைய ஸ்பேமில் கிடக்கிறது, உங்களுடையதிலா, அவர்களுடையதிலா? இது தெரியாமல் எந்த செட்டிங்கையும் தொடாதீர்கள்.

ஸ்பேம் ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. போனில் காட்டவே மாட்டேன் என்கிறதே?

இருக்கிறது, கீழே ஒளிந்திருக்கிறது. ஜிமெயில் ஆப்பில் இடது மேல் மூலையில் மூன்று கோடு தெரியும். அதைத் தொட்டு, கீழே தள்ளிக்கொண்டே போனால் ஸ்பேம் வரும். அவுட்லுக்கில் அதற்குப் பெயர் ஜங்க். பையர் பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்துவிட்டு "இல்லை" என்று சொல்பவர்கள் கவனியுங்கள்: ஜிமெயிலின் சாதாரணத் தேடல் ஸ்பேமுக்குள் போகாது. கம்ப்யூட்டரில் தேடல் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் சின்னக் குறியை அழுத்தி, ஸ்பேம், ட்ராஷ் உட்பட எல்லாவற்றிலும் தேடும்படி மாற்ற வேண்டும்.

ஜிமெயில் ஸ்பேமில் விழுந்ததை 30 நாளில் தானாகவே அழித்துவிடும். அப்புறம் யாராலும் எடுத்துத் தர முடியாது. தீபாவளிக்குப் பூட்டிவிட்டு ஆட்கள் ஊரிலிருந்து திரும்பி, கம்பெனி ஒருநிலைக்கு வருவதற்குள் அந்த 30 நாளில் பாதி ஓடியிருக்கும். அதனால் திங்கட்கிழமை காலையில் ஸ்பேமை ஒருமுறை திறந்து பார்ப்பதை, பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரின் வேலைகளில் ஒன்றாகவே சேர்த்துவிடுங்கள்.

போன வாரமே "ஸ்பேம் இல்லை" என்று அழுத்தினேன். மறுபடியும் அங்கேயே போய் உட்கார்ந்துவிட்டது. அழுத்தி என்ன பிரயோஜனம்?

பிரயோஜனம் உண்டு, ஆனால் அது ஒரு ஓட்டு மாதிரி. அடுத்த மெயில் வரும்போது வடிகட்டி மறுபடி முதலிலிருந்து கணக்குப் போடும். உங்கள் ஓட்டு ஒரு பக்கம், மெயிலை அனுப்பிய சர்வரைப் பற்றி மற்றவர்கள் கொடுத்த புகார்கள் இன்னொரு பக்கம். புகார் கனமாக இருந்தால் உங்கள் ஓட்டு தோற்றுவிடும்.

அதனால் மூன்றையும் சேர்த்துச் செய்யுங்கள். "ஸ்பேம் இல்லை" அழுத்துங்கள். அனுப்பியவரை கான்டாக்ட்டில் சேருங்கள். அந்த மெயிலுக்கு ஒரு வரியாவது பதில் போடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஃபில்டர் போட வேண்டும். ஜிமெயில் ஆப்பில் ஃபில்டர் போட முடியாது. கம்ப்யூட்டரில் செட்டிங்ஸுக்குள் போய், அனுப்புநர் இடத்தில் பையரின் முகவரியைக் கொடுத்து, "ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்பாதே" என்பதை டிக் செய்யுங்கள். பையர் கம்பெனியில் ஆள் அடிக்கடி மாறுவார்கள் என்றால் முகவரியில் பெயரை விட்டுவிட்டு, 'அட்' குறிக்குப் பின்னால் வரும் டொமைனை மட்டும் கொடுக்கலாம். இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது, கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள்: யாராவது தெரியாமல் அந்தப் பையரை 'பிளாக்' செய்திருக்கிறார்களா? ஜிமெயிலில் பிளாக் செய்தவரின் மெயில் நேராக ஸ்பேமுக்குத்தான் போகும். இப்படி ஒரு கம்பெனியில் லேப் டிப் (சாய நிற மாதிரி) அப்ரூவல் ஆறு நாள் ஸ்பேமில் கிடந்தது. சாயப்பட்டறையில் வாங்கி வைத்திருந்த நேரம் வேறு ஆளுக்குப் போய்விட்டது. காரணம் பார்த்தால், முதலாளியின் பையன் போனில் விரல் தவறி அழுத்திய பிளாக்.

'ஃப்ரீ', 'ஆஃபர்', 'அர்ஜென்ட்' மாதிரி வார்த்தை இருந்தால்தானே ஸ்பேம்? எங்கள் மெயிலில் அப்படி ஒன்றுமே இல்லையே?

இது பழைய நம்பிக்கை. கொஞ்சம் உண்மையும் இருந்தது. 1978 மே மாதம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனையாளர், இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். முதல் ஸ்பேம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். 2002-ல் பால் கிரஹாம் என்ற நிரலாளர், எந்தச் சொல் ஸ்பேமில் எத்தனை முறை வருகிறது, நல்ல மெயிலில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி வடிகட்டும் முறையை விளக்கி எழுதினார். அந்த வழி நன்றாகப் பரவியது. வார்த்தைப் பயம் அந்தக் காலத்துச் சரக்கு.

இன்று வார்த்தை சின்ன விஷயம். அனுப்பியவர் தான்தான் என்று நிரூபிக்கிறாரா, அந்த டொமைனுக்கும் சர்வருக்கும் பெயர் எப்படி, வாங்கியவர்கள் அதை என்ன செய்தார்கள் என்பவைதான் பெரிய விஷயம். எந்தச் சந்தேகமும் இல்லாத பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) ஏன் ஸ்பேமுக்குப் போனது என்று தெரிய வேண்டுமா? ஸ்பேமில் அந்த மெயிலைத் திறந்தால் மேலே ஒரு பட்டையில் ஜிமெயிலே காரணத்தை எழுதியிருக்கும். பத்தில் ஒன்பது பேர் அதைப் படிப்பதே இல்லை.

ஒரே கம்பெனி, ஒரே முகவரி. சில மெயில் இன்பாக்ஸுக்கு வருகிறது, சிலது ஸ்பேமுக்குப் போகிறது. இது என்ன கூத்து?

முகவரி ஒன்றுதான், வந்த பாதை வேறு. மெர்ச்சண்டைசர் அவுட்லுக்கிலிருந்து அனுப்புவது கம்பெனியின் மெயில் சர்வர் வழியாகப் போகும். அதே முகவரியை வைத்து அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர் இன்வாய்ஸ் அனுப்பினால், அது சாஃப்ட்வேர்காரரின் சர்வர் வழியாகப் போகலாம். அந்த இரண்டாவது சர்வருக்கு அனுமதிச் சீட்டு இல்லையென்றால் இன்வாய்ஸ் மட்டும் ஸ்பேமுக்குப் போகும். எதெது தவறிப் போகிறது என்று நான்கைந்து மெயிலை வரிசையாக வைத்துப் பாருங்கள். பாதை தானாகத் தெரிந்துவிடும்.

பாதை ஒன்றாக இருந்தும் தவறுகிறது என்றால் உள்ளே இருப்பதைப் பாருங்கள். சுருக்கிய லிங்க், எழுத்தே இல்லாமல் ஒரே ஒரு படம், பாஸ்வேர்டு போட்ட ஜிப் ஃபைல் இவை மூன்றும் வழக்கமான குற்றவாளிகள். டெக் பேக்கை (ஆடையின் அளவு, வடிவமைப்பு விவரம்) பாஸ்வேர்டு போட்ட ஜிப்பாக அனுப்புவதை விட்டுவிட்டு, டிரைவ் லிங்க்காகக் கொடுங்கள்.

எங்கள் மெயில்தான் பையரின் ஸ்பேமில் கிடக்கிறதாம். நாங்கள் என்ன பார்க்க வேண்டும்?

கம்பெனி முகவரியிலிருந்து உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, வலது ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி, 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேலே ஒரு சின்ன அட்டவணை வரும். அதில் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்று மூன்று வரி. மூன்றுக்கும் நேரே 'பாஸ்' இருக்க வேண்டும். ஏதாவது ஒரு வரி இல்லவே இல்லையென்றால், அது உங்கள் டொமைனில் போடப்படவே இல்லை என்று அர்த்தம்.

மெயில் எப்படிப் போக வேண்டும் என்ற விதியை 1982-ல் எழுதியபோது, அனுப்புபவர் சொல்லும் முகவரி உண்மைதானா என்று பார்க்க அதில் ஏற்பாடே இல்லை. யார் பெயரிலும் யாரும் அனுப்பலாம் என்ற நிலை. இந்த மூன்றும் பின்னால் வந்த ஒட்டு. நம் ஊர் கணக்கில் சொன்னால், எஸ்.பி.எஃப். என்பது கேட்டில் வாட்ச்மேனிடம் இருக்கும் லாரி நம்பர் பட்டியல்: எங்கள் சரக்கு இந்த வண்டிகளில்தான் வரும். டி.கே.ஐ.எம். என்பது அட்டைப்பெட்டிக்குப் போட்ட சீல்: வண்டி மாறினாலும் பெட்டியைப் பிரித்தார்களா என்று தெரியும். டிமார்க் என்பது, பெட்டியில் ஒட்டியிருக்கும் கம்பெனிப் பெயருக்கு லாரியோ சீலோ ஒன்றாவது பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் இப்படிச் செய் என்று வாட்ச்மேனுக்கு நாம் எழுதிக்கொடுக்கும் சீட்டு. கேட் இருப்பது பையர் பக்கம், பட்டியலை எழுதி ஒட்ட வேண்டியது நம் பக்கம். இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஹோஸ்டிங்காரர் "எல்லாம் போட்டாச்சு சார்" என்கிறார். ஆனால் எஸ்.பி.எஃப். ஃபெயில் என்று வருகிறதே?

போட்டிருப்பார். இரண்டு முறை போட்டிருப்பார், அதுதான் சிக்கல். ஒரு டொமைனுக்கு எஸ்.பி.எஃப். வரி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். பழைய ஹோஸ்டிங் போட்ட ஒரு வரி இருக்கும்போது, கூகுளுக்கு மாறியவர் இன்னொரு வரியைச் சேர்த்தால் இரண்டும் செல்லாது. எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் டி.என்.எஸ். பக்கத்தை (டொமைனுக்கான இந்த வரிகளை எழுதும் இடம்) திறந்தால் மூன்று எஸ்.பி.எஃப். வரி. ஒன்று கூகுளுக்கு, ஒன்று நாலு வருடத்துக்கு முன்பே விட்டுவிட்ட ஹோஸ்டிங்குக்கு, மூன்றாவது யாருக்கு என்று யாருக்குமே தெரியவில்லை. பழையதை அழித்து, தேவையானதை ஒரே வரியில் சேர்த்து எழுதி, மறுநாள் காலையில் பார்த்தபோது பாஸ்.

அந்த ஒரே வரிக்கும் ஒரு வரம்பு உண்டு. அதைப் படிக்க மற்ற டொமைன்களைத் தேடிப் போகும் எண்ணிக்கை 10-ஐத் தாண்டக் கூடாது. மெயில், அக்கவுண்ட்ஸ், எச்.ஆர்., மார்க்கெட்டிங் என்று ஒவ்வொரு சாஃப்ட்வேராகச் சேர்த்துக்கொண்டே போனால் சத்தமில்லாமல் தாண்டிவிடும். டி.கே.ஐ.எம். கதை வேறு: சாவியை டி.என்.எஸ்.-ல் ஒட்டிவிட்டு, கூகுள் அட்மின் பக்கத்துக்குத் திரும்பிப் போய் 'தொடங்கு' பட்டனை அழுத்த மறந்துவிடுவார்கள். டிமார்க்கை எடுத்த எடுப்பில் கடுமையாகப் போடாதீர்கள். "ஒன்றும் செய்யாதே, அறிக்கை மட்டும் அனுப்பு" என்ற நிலையில் சில வாரம் விட்டு, நம் மெயில் எங்கெங்கிருந்து கிளம்புகிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு இறுக்குங்கள்.

வெப்சைட்டில் என்கொயரி ஃபார்ம் வைத்திருக்கிறோம். அதிலிருந்து வருவது மட்டும் தவறாமல் எங்கள் ஸ்பேமுக்கே போகிறது. நம் சைட், நம் மெயில், அப்புறம் ஏன்?

ஃபார்மில் எழுதியவர் தன் ஜிமெயில் முகவரியைக் கொடுக்கிறார். ஃபார்ம் செய்த புரோகிராமர் அதையே அனுப்புநர் முகவரியாகப் போட்டுவிடுகிறார். இப்போது உங்கள் ஹோஸ்டிங் சர்வர் "நான்தான் ஜிமெயில்" என்று சொல்லிக்கொண்டு வருகிறது. மேலே சொன்ன வாட்ச்மேன் கதைப்படி லாரியும் பொருந்தாது, சீலும் பொருந்தாது.

அனுப்புநர் இடத்தில் உங்கள் டொமைன் முகவரியைப் போடச் சொல்லுங்கள். எழுதியவரின் முகவரி 'ரிப்ளை-டு' என்ற இடத்துக்குப் போகட்டும். நீங்கள் ரிப்ளை அழுத்தினால் அவருக்கே போகும். புரோகிராமருக்குப் பத்து நிமிட வேலை.

பழைய முகவரிக்கு வருவதை ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு போட்டிருக்கிறேன். அதில் பாதி ஸ்பேமில் விழுகிறதே?

ஃபார்வர்டு செய்யும்போது பையரின் சரக்கு உங்கள் பழைய சர்வர் என்ற லாரியில் ஏறி வருகிறது. அந்த லாரி பையரின் பட்டியலில் இருக்காது. டி.கே.ஐ.எம். சீல் உடையாமல் இருந்தால் பிழைக்கும். ஆனால் நடுவில் ஒரு ஆன்டிவைரஸ் "பரிசோதிக்கப்பட்டது" என்று அடியில் ஒரு வரி சேர்த்தால் சீலும் போச்சு. போதாக்குறைக்குப் பழைய முகவரிக்கு வரும் உண்மையான ஸ்பேமையும் நீங்களே சுமந்துகொண்டு போய்க் கொட்டுகிறீர்கள். உங்கள் சர்வரின் பெயர்தான் கெடும். ஃபார்வர்டை எடுத்துவிட்டு, அந்தப் பெட்டியையும் மெயில் ஆப்பில் இரண்டாவது அக்கவுண்டாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றுமே பாஸ். நீங்கள் சொன்னபடிதான் எல்லாம் இருக்கிறது. ஆனாலும் ஸ்பேம்தான். இப்போது என்ன சொல்கிறீர்கள்?

பாஸ் என்றால் "இவர் இன்னார்தான்" என்று நிரூபணம் ஆனது, அவ்வளவுதான். நல்லவரா என்பது தனிக் கேள்வி. போன மாதம் வாங்கிய டொமைனுக்கு இன்னும் பெயர் ஏற்பட்டிருக்காது. முதல் நாளே முந்நூறு பேருக்கு "நாங்கள் பனியன் தயாரிப்பாளர்கள்" என்று அனுப்பினால் பெயர் ஏற்படும், கெட்ட பெயர். தெரிந்தவர்களோடு, பதில் வரும் மெயில்களாகத் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள்.

மலிவான ஹோஸ்டிங்கில் நூற்றுக்கணக்கான சைட்டுகள் ஒரே ஐ.பி. முகவரியில் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரன் ஸ்பேம் அனுப்பினால் ஐ.பி. கரும்பட்டியலில் ஏறும், அதில் நீங்களும் மாட்டுவீர்கள். 1998-ல் தொடங்கிய ஸ்பேம்ஹவுஸ் என்ற அமைப்பு இந்தப் பட்டியல் வேலையைச் செய்கிறது; அவர்கள் சைட்டில் உங்கள் ஐ.பி.யையும் டொமைனையும் போட்டுப் பார்க்கலாம். பட்டியலில் இருந்தால், நீக்கக் கேட்பதற்கு முன் காரணத்தை ஒழியுங்கள். பெரும்பாலும் அது பழைய வேர்ட்பிரஸ் சைட்டில் யாரோ நுழைந்து ராத்திரியில் மெயில் அனுப்புவதாகவோ, பாஸ்வேர்டு பறிபோன ஒரு பெட்டியாகவோ இருக்கும்.

தீபாவளி வாழ்த்தையும் புது கேட்டலாக்கையும் 800 பேருக்கு பி.சி.சி. போட்டு அனுப்பினேன். அன்றிலிருந்து சாதாரண மெயில்கூட ஸ்பேமுக்குப் போகிறது. அதுதான் காரணமா?

பெரும்பாலும் அதுதான். சொந்த ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப விடாது; கம்பெனிக் கணக்கில் 2,000. விட்டாலும், வாங்கியவர்களில் எத்தனை பேர் ஸ்பேம் பட்டனை அழுத்தினார்கள் என்று கணக்கு ஓடுகிறது. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் மொத்தமாக அனுப்புபவர்களுக்குக் கட்டுப்பாடு விதித்தன. ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 5,000 மெயில் அனுப்புபவர் மேலே சொன்ன மூன்றையும் போட்டிருக்க வேண்டும், விளம்பர மெயிலில் ஒரே கிளிக்கில் விலகும் வசதி தர வேண்டும், புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. ஆயிரத்துக்கு மூன்று பேர் கடுப்பானால் போதும். நாம் 5,000 அனுப்புவதில்லைதான், ஆனால் புகார் யாருக்கும் நல்லதில்லை.

இனிமேல் வாழ்த்தை அதற்கென்று இருக்கும் மெயில் சேவை வழியாக, முடிந்தால் தனி உப-டொமைனிலிருந்து அனுப்புங்கள். விலகும் லிங்க்கை மறைக்காதீர்கள். விலக வழி தெரியாதவர்தான் ஸ்பேம் பட்டனை அழுத்துகிறார். கெட்ட பெயர் மாற வாரக்கணக்கில் ஆகும். அதுவரை தினசரி வேலை மெயில் மட்டும் போகட்டும்.

தமிழில் எழுதினால் ஸ்பேம் என்று நினைத்துக்கொள்ளுமா?

ஜிமெயில் நினைத்துக்கொள்ளாது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துருவில் அடித்து, படிப்பவருக்குக் கட்டமும் கேள்விக்குறியுமாகத் தெரிந்த காலம் யூனிகோடு வந்தபின் மலையேறிவிட்டது. ஆனால் கம்ப்யூட்டரில் போட்டிருக்கும் பழைய அவுட்லுக்கின் ஜங்க் செட்டிங்கில் 'இன்டர்நேஷனல்' என்று ஒரு பகுதி உண்டு. சில நாட்டு டொமைன்களையும் சில எழுத்து வகைகளையும் மொத்தமாகத் தடுக்க அதில் வசதி இருக்கிறது. பையர் அலுவலகத்தில் யாரோ இந்தியாவை டிக் செய்திருந்தால், 'டாட் இன்' என்று முடியும் முகவரி எல்லாமே ஜங்க்குக்குப் போகும். ஆங்கிலத்தில் எழுதினாலும்தான்.

ஸ்பேமிலும் இல்லை, இன்பாக்ஸிலும் இல்லை. பையர் "அனுப்பிவிட்டேன்" என்று ஸ்கிரீன்ஷாட் காட்டுகிறார். எங்கே போயிருக்கும்?

முதலில் ஜிமெயிலின் புரமோஷன்ஸ் பகுதி. அது ஸ்பேம் இல்லை, இன்பாக்ஸின் இன்னொரு அறை. அடுத்து, சேமிப்பிடம். இலவசக் கணக்கின் 15 ஜி.பி. நிரம்பிவிட்டால் மெயில் திரும்பிப் போய்விடும். அவுட்லுக்கில் பாப் முறையில் இணைத்திருந்தால், அது இன்பாக்ஸை மட்டும் இறக்கும், சர்வரில் இருக்கும் ஸ்பேமை எட்டிக்கூடப் பார்க்காது. பிரவுசரில் நுழைந்துதான் பார்க்க வேண்டும். கம்பெனி மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருந்தால் 'குவாரன்டைன்' என்று தனி இடம் உண்டு; கடுமையான சந்தேகம் வந்த மெயிலை அங்கிருந்து அட்மின்தான் விடுவிக்க முடியும்.

எங்குமே இல்லையென்றால் ஃபில்டர், ரூல்ஸ் பட்டியலைத் திறந்து பாருங்கள். பெட்டிக்குள் திருட்டுத்தனமாக நுழைந்தவர்கள் 'பேமென்ட்', 'இன்வாய்ஸ்' என்று வரும் மெயிலை யாரும் திறக்காத ஒரு ஃபோல்டருக்குத் தள்ளும்படி ரூல் எழுதி வைப்பார்கள். நீங்கள் போடாத ரூல் ஒன்று இருந்தால், பாஸ்வேர்டை மாற்றி, இரண்டு கட்டப் பாதுகாப்பைப் போட்டு, எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேற்றிவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள்.

பையரிடம் "உங்கள் ஸ்பேமைப் பாருங்கள்" என்று சொல்ல ஒரு மாதிரி இருக்கிறதே?

அப்படிச் சொல்லாதீர்கள். இன்ன ஸ்டைலுக்கு, இன்ன தேதியில், இத்தனை மணிக்கு அனுப்பிய மெயில் கிடைத்ததா என்று அவருடைய பழைய மெயில் சங்கிலியிலேயே ரிப்ளையாகவோ வாட்ஸ்அப்பிலோ கேளுங்கள். ஸ்பேமில் கிடைத்தது என்று அவரே சொன்னால், உங்கள் டொமைனை அனுமதிப் பட்டியலில் சேர்க்க அவர்கள் ஐ.டி. ஆளிடம் சொல்ல முடியுமா என்று கேட்கலாம். கேட்பதற்கு முன் 'ஷோ ஒரிஜினல்' பரிசோதனையை முடித்துவிடுங்கள். அவர்கள் ஐ.டி. ஆள் முதலில் அதைத்தான் பார்ப்பார், எஸ்.பி.எஃப். ஃபெயில் என்றால் நமக்குத்தான் அசிங்கம்.

மெஷின் சப்ளையரிடமிருந்து "பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, மீதிப் பணத்தைப் புதியதற்கு அனுப்புங்கள்" என்று வந்த மெயில் ஸ்பேமில் கிடந்தது. எடுத்து இன்பாக்ஸில் போட்டுவிட்டேன். அவர் மெயில் எப்போதும் இப்படித்தான் தப்பாகப் போகும். பணம் அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். நல்ல மெயில் நாலு முறை ஸ்பேமுக்குப் போனால், ஐந்தாவதும் நல்லதுதான் என்று கை தானாக அதை இன்பாக்ஸுக்கு இழுத்துவிடும். முகவரியை ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நிற்கும். போன் திரையில் வித்தியாசமே தெரியாது. முகவரி அச்சு அசலாக இருந்தாலும் நம்பாதீர்கள். சப்ளையரின் பெட்டியையே யாராவது பிடித்திருக்கலாம், அப்போது எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். எல்லாமே பாஸ் ஆகும். நீங்கள் "ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்பாதே" என்று ஃபில்டர் போட்டிருந்தால், அந்த முகவரியைப் பொய்யாகப் போட்டு வருபவருக்கும் அதே கதவு திறந்திருக்கிறது. நான் முன்பு சொன்ன ஆபத்து இதுதான். பணம் சம்பந்தப்பட்டவர்களுக்கு அந்த ஃபில்டரை நான் போட்டுத் தருவதில்லை.

மெஷின் வாங்கும்போது கொடுத்த கார்டில் இருக்கும் நம்பருக்குக் கூப்பிடுங்கள், அந்த மெயிலில் இருக்கும் நம்பருக்கு அல்ல. பேசி முடியும்வரை அதற்கு ரிப்ளையும் போடாதீர்கள், அழிக்கவும் செய்யாதீர்கள். பின்னால் காட்ட வேண்டியிருக்கும். பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால், எனக்கு அல்ல, முதலில் பேங்க் மேனேஜருக்கு, அடுத்த போன் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு.